விலையும் செவியும்

ஒரு பொருளின் விலை உயர உயர அதன் தரமும் உயர்கின்றதா? இக்கேள்வியை அங்காடியிலே கேட்டால் வணிகர் ஆம் என்பர். அறநூல் கற்றாரிடம் கேட்டால் இல்லை என்பர். இரண்டும் கேட்ட மாத்திரத்தே பிறக்கும் விடைகள். ஆராய்ந்து விடை காண்பதற்கு ஏற்ற சிறு துறை ஒன்றை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை அணுகிப் பார்க்கலாம் என எண்ணுகிறேன். வீடுகளிலே இசை கேட்பதற்கெனச் செய்யப்படும் ஒலியமைப்புகளே அத்துறை. நடுத்தர அமைப்பு ஒன்று சில நூறு டொலர் முதல் ஓரிரண்டாயிரம் டொலர் வரையில் கிடைக்கின்றது. 'உயர்தரம்' என்று பெயர் பெற்றவையோ பல்லாயிரத்தில் தொடங்கி இலட்சத்தையும் தாண்டுகின்றன. இவ்விரண்டையும் பிரிப்பது யாது? இலக்கிய ஏட்டிலே பேசத்தக்க பொருளா இது என்று வாசகர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். ஆயின் சுவை, தரம், செல்வம் என்னும் மூன்றும் பின்னிக் கிடக்கும் இடம் இது. இலக்கியம் பயில்வோர்க்கு அந்தப் பின்னல் அந்நியமானதன்று.

இப்பொருளை ஆராய என்னைத் தூண்டியது என் சொந்தத் தோல்வி ஒன்றே. பல்கலைக்கழகத்தில் என்னோடு பயின்று, இன்று பொறியியலாளராயுள்ள நண்பர் ஒருவர், பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு விலையுயர்ந்த அம்பிளிபயர் ஒன்றை வாங்கினார். நம் பௌதிகப் பாடநூல்கள் விரியலாக்கி என்று கூறுவது இதனைத்தான். பழைய அம்பிளிபயரும் அருகிலேயே இருந்தது. இரண்டும் ஒரே சோடி ஒலிபெருக்கிகளுடன் ஒரு சுவிச்சின் வழியாக இணைக்கப்பட்டிருந்தன. முதலிற் பழையதிலே ஒரு நாதஸ்வரக் கச்சேரியைக் கேட்டோம். பின்னர் நண்பர் எழுந்து சென்று, "இனிப் புதியது" என்றார். தவிலின் நாதம் ஆழ்ந்துவிட்டதென்றேன். நாதஸ்வரத்தின் சீவாளியில் மூச்சுப் படுவதுகூடக் கேட்கிறதென்றேன். நண்பரும் தலையசைத்து மகிழ்ந்தார். கச்சேரி முடிந்து கருவிகளை நிறுத்தச் சென்றவர் நெடுநேரம் அங்கேயே நின்றார். "மச்சான், நான் சுவிச்சை மாத்தவே இல்லையடா" என்றார்.

அன்றிரவு நான் வெட்கினேன். என்னை எவரும் ஏமாற்றவில்லை. நண்பரும் என்னைப் போலவே நம்பியிருந்தார். கேளாத ஒன்றைக் கேட்டதாக நான் கூறியது பொய்யுமன்று. உண்மையாகவே எனக்கு அது கேட்டது. அங்கேதான் பிரச்சினை தொடங்குகின்றது. என் செவிக்குள்ளே புகுந்து தவிலின் ஆழத்தை மாற்றியது யாது?

இதற்கு இரு சாரார் இரு விடை தயாராக வைத்துள்ளனர். விற்போரும் அவரைச் சார்ந்த விமர்சகரும், "வேறுபாடு உள்ளது; உன் செவிக்குத்தான் பயிற்சி போதாது" என்பர். மற்றொரு சாரார், "வேறுபாடே இல்லை, சுவை என்பதெல்லாம் பணக்காரரின் மயக்கம்" என்று தள்ளிவிடுவர். இரண்டாவது விடை முற்போக்கானது போலத் தோன்றுவதால் நம்மிற் பலர் அதனை எளிதில் ஏற்றுக்கொள்வோம். அதுவும் முதலாவதைப் போலவே ஆராய்ச்சிக்கு அஞ்சும் விடை என்பதே என் கருத்து.

முதலில் வேறுபாடு மெய்யாகவே எங்கே உளது என்பதைக் காண்போம். பதிவிலிருந்து செவி வரையுள்ள பாதையிலே நான்கு நிலைகள் உள. பதிவை வாசிக்கும் கருவி, அம்பிளிபயர், ஒலிபெருக்கி, அறை என்பன அவை. 1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபொழுது, செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற அளவில் ஒலியை எண்களாக்கும் முறை வீடுகளுக்குள் நுழைந்தது. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையாகும். மேலெல்லை வயதோடு சுருங்கிவரும். அந்த எல்லையை நிறைவாக அடக்குவதற்கு அம்முறை போதுமானது. அன்று அருமையாயிருந்த அத்திறன் இன்று சில டொலர் பெறுமதியான சிறு சில்லுக்குள் அடங்கிவிட்டது. அம்பிளிபயரின் நிலையும் பெரிதும் இத்தகையதே. நன்கு வடிவமைக்கப்பட்ட நடுத்தர அம்பிளிபயரில் ஒலியின் திரிபு நூற்றிலொரு பங்கு வீதத்துக்கும் குறைவாயிருத்தல் இன்று சாதாரணம். ஒலிபெருக்கியோ தாழ்ந்த மீடிறன்களை உரத்து ஒலிக்கும்போது பல வீதம் திரிபு தருவதுண்டு. ஆதலின் பணத்தால் வாங்கத்தக்க வேறுபாடு பெரும்பாலும் ஒலிபெருக்கியிலேயே உறைகின்றது. கூம்பின் அசைவு, பெட்டியின் பரிவு, உயர்ந்த சுருதியையும் தாழ்ந்த சுருதியையும் பிரித்தனுப்பும் சுற்றின் நேர்த்தி, ஒலி நேர்முன்னே செல்வதோடு பக்கங்களிலும் சீராகப் பரவுதல் ஆகியவை செவிக்குத் தெரியும் வேறுபாடுகள்.

நான்காவது நிலையாகிய அறையைப் பற்றி வணிகர் குறைவாகவே பேசுவர். அது அவர்களிடம் விற்பனைக்கு இல்லை. வெறுஞ் சீமெந்துச் சுவரும் நிலமும் உள்ள அறையிலே எத்தகைய ஒலிபெருக்கியும் இரைச்சலிடும். தாழ்ந்த சுருதிகள் ஒரு மூலையிற் பெருகியும் மற்றொரு மூலையில் மறைந்தும் போகும். தடித்த திரைச்சீலை, பாய், புத்தக அடுக்கு, ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைத்தல் ஆகியவை செய்யும் நன்மையைப் பல்லாயிரம் டொலர் பெறுமதியான அம்பிளிபயரும் செய்யாது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது என்று கூறுகின்றது. கலை நிகழும் இடத்தை அளந்து அமைப்பதும் கலையின் பகுதியே என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

புலன்களின் இயல்பு ஒன்றையும் இவ்விடத்திற் கருதவேண்டும். அம்பிளிபயரின் வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 தெசிபெல் மாத்திரமே உயரும். ஒலி இருமடங்கு உரத்ததாகச் செவிக்குத் தோன்ற வேண்டுமாயின் வலுவை ஏறத்தாழப் பத்து மடங்காக்குதல் வேண்டும். இது வலுவுக்குரிய கணக்கு. ஆயினும் தரத்திலும் இதனையொத்த தேய்வு ஒன்றைக் காண்கிறோம். மிக மலிவானதிலிருந்து நடுத்தரத்துக்கு ஏறும்போது செவி பெறும் நன்மை பெரிது. நடுத்தரத்திலிருந்து மேலே ஏறுந்தோறும் ஒவ்வொரு சிறு நன்மைக்கும் கொடுக்கும் விலை பெருகிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்குப் பின்னர் விலை மாத்திரமே ஏறும்.

அந்த எல்லை எங்கே உள்ளதென்பதைச் சோதித்தோர் உளர். 1987இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவியூ' என்ற சஞ்சிகை, ஏறத்தாழ 220 டொலர் விலையுள்ள கருவி முதல் 12,000 டொலர் விலையுள்ள வால்வு அம்பிளிபயர் வரை சிலவற்றை, எது ஒலிக்கிறதென்று கேட்போருக்குத் தெரியாதவாறு ஒலிக்கச் செய்தது. பெறுபேறு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதினின்றும் வேறுபடவில்லை. அதற்கு முன்னர் 1985இல், பொப் கார்வர் என்ற பொறியியலாளர் ஒரு சவாலை ஏற்றார். தம்முடைய மலிவான அம்பிளிபயரைச் சில நாட்களுக்குள் திருத்தியமைத்து, பன்மடங்கு விலையுள்ள வால்வு அம்பிளிபயர் ஒன்றைப் போலவே ஒலிக்கச் செய்தார். உயர்தரக் கருவிகளையே போற்றும் 'ஸ்டீரியோபைல்' சஞ்சிகையாரால் அன்று இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. பின்னர் விற்பனைக்கு வந்த பிரதிகள் அவ்வாறே ஒலித்தனவா என்பது பற்றி வாதம் நிகழ்ந்தது உண்மை. குறுகிய நேரச் சோதனையின் பதற்றத்திலே நுண்ணிய வேறுபாடு நழுவிவிடும் என்று மறுப்போரும் உளர். அம்மறுப்பைப் புறக்கணிக்கலாகாது. ஆயினும், பெயரட்டை தெரியும்போது பளிச்செனக் கேட்கும் வேறுபாடு, பெயரட்டை மறைந்ததும் மறையுமாயின், அது உறைந்த இடம் எதுவென்று ஐயுறுவது நியாயமே.

1994இல் வெளிவந்த ஃபுளோய்ட் டூல், ஷோன் ஒலிவ் ஆகியோரின் ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒலிபெருக்கி உற்பத்தி செய்யும் நிறுவனமொன்றின் ஊழியர் நாற்பதின்மரே அங்கு கேட்போராய் அமர்ந்தனர். அதே ஒலிபெருக்கிகளைக் கண்ணாற் காணாது கேட்டபொழுது ஒரு மதிப்பு. கண்டு கேட்டபொழுது வேறு மதிப்பு. கண்டபொழுது பெரியவையும் விலையுயர்ந்தவையும் ஏறின. சிறியதும் மலிவானதுமான அமைப்பு இறங்கியது. நண்பரின் வீட்டில் எனக்கு நேர்ந்ததும் இதுவே. என் செவிக்குள் புகுந்தது விலைச்சீட்டு.

ஆசிரியராகிய நமக்கு இதிலே புதுமை ஏதுமில்லை. பொதுப் பரீட்சை விடைத்தாளில் மாணவரின் பெயர் இருப்பதில்லை, சுட்டெண்ணே இருக்கும். நாம் நேர்மையற்றவர் என்பதாலா இவ்வேற்பாடு? நேர்மையாளரின் கண்ணும் பெயரைக் கண்டால் மாறும் என்பதை நாம் அறிவோம். நகரத்துப் பெருங்கல்லூரி மாணவரின் பிழை கவனக்குறைவாகவும், பின்தங்கிய பாடசாலை மாணவரின் அதே பிழை அறியாமையாகவும் தோற்றமளிக்கும். விடைத்தாளுக்கு நாம் வழங்கும் நீதியை ஒலிபெருக்கிக்கும் வழங்கு என்பதே மறைத்துக் கேட்கும் சோதனையின் சாரம்.

அவ்வாறாயின் அப்பெருந்தொகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது? தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் எழுதிய 'ஓய்வு வகுப்பின் கோட்பாடு' என்ற நூலிலே, கையால் அடித்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்திற் செய்த மலிவான கரண்டியையும் ஒப்பிடுகின்றார். உண்பதற்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் முன்னையதே அழகியது என்கிறோம். அந்த அழகுணர்ச்சியின் பெரும்பகுதி விலையுணர்ச்சியே என்பது அவர் காட்டிய உண்மை. விரல் தடிப்பில் வெட்டிய அலுமினிய முகப்பும், இருவர் தூக்கவேண்டிய பாரமும், பாம்பின் பருமனுள்ள இணைப்புக் கம்பியும் அக்கரண்டியின் உறவினரே. மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதற்பாகத்திலே விளக்கிய பண்டத்தின் மாயமும் இதனைச் சார்ந்ததே. மனிதருக்கிடையேயுள்ள உறவு பொருளின் பண்பாக உருமாறித் தோன்றுகின்றது. இன்னொருவனால் வாங்க முடியாதது என்ற சமூக உண்மை, என் காதிலே ஒலியின் ஆழமாகக் கேட்கின்றது!

நியாயத்தின் பொருட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவ்விலையின் ஒரு பகுதி மெய்யான உழைப்புக்குரியது. சிறு எண்ணிக்கையிற் செய்யப்படுவதாற் செலவு கூடுகின்றது. ஒலிபெருக்கிகளைச் சோடி சோடியாக அளந்து பொருத்துவோரும், முப்பது ஆண்டுகளின் பின்னரும் பழுதுபார்க்கத்தக்கவாறு செய்வோரும் உளர். இரண்டாண்டில் எறியத்தக்கதாகச் செய்யப்படும் மலிவுப் பண்டத்தை விட அது மேலானதே. கைத்திறனுக்குக் கூலி கொடுப்பதை நாம் பழிப்பதற்கில்லை. கைத்திறன் என்று சொல்லி மயக்கத்துக்கு விலை பெறுவதே பழிக்கத்தக்கது.

இனி, சுவையே பொய் என்னும் இரண்டாஞ் சாராரிடம் வருவோம். 2003இல் ஒலிவ் வெளியிட்ட மற்றோர் ஆய்வு அவர்களுக்கு விடையளிக்கின்றது. பயிற்சி பெற்ற 12 பேரும் பயிற்சியற்ற 256 பேரும் நான்கு ஒலிபெருக்கிகளைக் காணாது கேட்டனர். பயிற்சியற்றோருள் விற்பனையாளர், விமர்சகர், கல்லூரி மாணவர் எனப் பலரும் இருந்தனர். பயிற்சி பெற்றோரின் தீர்ப்பு மிகவும் நிலையானதாயிருந்தது. மற்றையோரின் தீர்ப்பு தடுமாறியது. ஆயினும் எதை விரும்பினர் என்பதிலே இரு சாராரும் பெரும்பாலும் ஒன்றுபட்டனர். இதன் பொருள் யாது? நல்ல ஒலி என்று ஒன்று உண்டு. அதனை அறியும் ஆற்றல் செல்வரின் தனிச்சொத்தன்று. சாதாரண மாணவரின் செவியிலும் அது உளது. பயிற்சி அதனைத் தெளிவாக்குகின்றது. 1844ஆம் ஆண்டின் கையெழுத்துப்படிகளிலே இளம் மார்க்ஸ், மனிதப் புலன்கள் இயற்கையின் கொடை மாத்திரமன்று, மனித வரலாற்றின் உழைப்பினால் உருவானவை என்று சிந்தித்தார். இசையை உணரும் செவியும் அவ்வாறு ஆக்கப்பட்டதே. ஆக்கப்பட்டது என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

இக்கருத்துக்கு உயிர்ச்சான்றாய் விளங்கியவர் எட்கார் வில்ச்சூர் என்பவர். கலை வரலாறு கற்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே இராணுவத்தில் மின்னியல் பழகியவர். போரின் பின் நியூயோர்க்கிலே வானொலிப்பெட்டி திருத்திப் பிழைத்தவர். பல்கலைக்கழகத்தில் ஒலி மீளாக்கம் பற்றி இரவு வகுப்பும் நடத்தினார். அக்காலத்திலே தாழ்ந்த சுருதிகள் செம்மையாகக் கேட்க வேண்டுமாயின் அலுமாரி போன்ற பெட்டி வேண்டும். வில்ச்சூர், காற்றுப் புகாதபடி மூடிய சிறு பெட்டியின் உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாகப் பயன்படுத்தலாம் எனக் கண்டார். 1954இல் தம் மாணவராயிருந்த ஹென்றி குளொஸுடன் சேர்ந்து மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1960ஐ அண்டிய ஆண்டுகளில் அவர்கள் சபையோர் முன் நடத்திய சோதனை புகழ் பெற்றது. மேடையிலே ஒரு நரம்பிசைக் குழு வாசித்துக்கொண்டிருக்கும், இடையிலே வில்லை மாத்திரம் அசைத்தபடி வாசிப்பை நிறுத்திவிடும், ஒலிபெருக்கி தொடரும். எப்போது மாறியதென்பதைச் சபையோரிற் பலராற் கூற முடியவில்லை. அலுமாரிப் பெட்டிக்கு உரியதாயிருந்த ஒலி புத்தகத்தட்டில் வைக்கத்தக்க பெட்டிக்குள் வந்தது. 1967இல் நிறுவனத்தை விற்றுவிட்டு வில்ச்சூர் செவிப்புலன் குறைந்தோருக்கான கருவிகளை ஆராயத் தொடங்கினார். ஒலியைப் பல மீடிறன் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வேறுவேறாக அமுக்கி உயர்த்தும் முறையை அவர் 1973இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை பெறாது, எவரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். ஒலியின் தரத்தை உயர்த்துவதென்றால், ஏற்கெனவே நன்றாகக் கேட்பவரின் இன்பத்திலே இன்னும் ஒரு துளியைச் சேர்ப்பதா, கேளாதவரைக் கேட்கச் செய்வதா என்ற கேள்விக்கு அவர் தம் வாழ்வின் பிற்பகுதியால் விடை கூறினார்.

என் இளமைக்காலத்து நினைவு ஒன்றையும் இங்கு கூறவேண்டும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, அண்ணர் மிதியைக் கையாற் சுழற்றுவார். டைனமோவின் கம்பி ஒலிநாடாக் கருவிக்குச் செல்லும். சுற்றி நாங்கள் அமர்ந்திருப்போம். கை சோர்ந்தால் நாதஸ்வரம் சுருதி இறங்கும், அம்மா, "கெதியாச் சுத்து தம்பி" என்பார், மறுபடி ஏறும். அத்தகைய கவனத்தோடு நான் பின்னர் எந்த இசையையும் கேட்டதில்லை என்று சொல்ல ஆசையாயிருக்கிறது. ஆயின் அப்படிச் சொல்லி வறுமையை அணிசெய்வது பாவம். எங்களுக்குக் கேட்டது பாதி இசையே. தவிலின் அடித்தளத்தை நான் முதன்முதலிற் கேட்டது கோயில் வீதியிலே, தவிற்காரரின் அருகே நின்றபொழுதுதான். மறுக்கப்பட்டதை மேன்மை என்று புகழ்வோர், மறுத்தவருக்கே துணைபோகின்றனர்.

இன்று என் மாணவர் இசையைக் கைத்தொலைபேசியின் சிறு துளையிலே கேட்கின்றனர். அதிலே மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் தாழ்ந்த நாதம் ஏறக்குறைய இல்லாமலே போகின்றது. அவர்களும் பாதி இசையையே கேட்கின்றனர். அது பாதி என்பது அவர்களுக்குத் தெரியாது. அண்மையிலே பழைய மாணவர் ஒருவர் எங்கள் பாடசாலையின் இசையறைக்கென ஒரு தொகை அனுப்பியிருந்தார். அதனை முழுவதுங் கொடுத்துப் பெயர் பெற்ற ஒரு சோடி ஒலிபெருக்கியை வாங்கலாம் என்றனர் சிலர். மலிவானதை வாங்கினால் கொடுத்தவருக்கு மதிப்பில்லை என்பது அவர்கள் வாதம். நன்கு அளந்து செய்யப்பட்ட நடுத்தரச் சோடி ஒன்று, சன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை, நிலத்துக்குப் பாய், எஞ்சிய பணத்தில் நரம்பறுந்து கிடக்கும் வயலின்களைத் திருத்துதல் என்பது என் யோசனை. நீண்ட வாதத்தின் பின் அவ்வாறே செய்தோம். கொடுத்தவர் வந்து பார்க்கும்போது கண்ணுக்குப் பெரிதாய் எதுவுமில்லை. மாணவி ஒருத்தி, "சேர், இந்தப் பாட்டில இப்பிடி ஒரு மிருதங்கம் இருக்கிறதே தெரியாது" என்றாள். அவளுக்கு விலை தெரியாது. அவள் சொன்னதை நான் நம்புகிறேன்.

ஆகவே தொடக்கத்துக் கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். நடுத்தரத்தையும் உயர்தரத்தையும் பிரிக்கும் வேறுபாடு மூவகைப்படும். செவி அறியும் வேறுபாடு ஒன்று. அது உண்மையானது, சிறியது, பெரும்பாலும் ஒலிபெருக்கியிலும் அறையிலும் உள்ளது. கைத்திறன் தரும் நீடித்த உழைப்பு மற்றொன்று. அதற்குரிய கூலி நியாயமானது. மூன்றாவது, பிறரிடமிருந்து தன்னைப் பிரித்துக்காட்டும் வேறுபாடு. விலையின் பெரும்பங்கை விழுங்குவது அதுவே. முதலிரண்டும் எல்லார்க்கும் கிட்டும்போது குறைவதில்லை. மூன்றாவதோ எல்லார்க்கும் கிட்டிய அன்றே அழிந்துவிடும். பகிர்ந்தால் அழியும் ஒன்றைத் தரம் என்று அழைப்பது தகுமா என்பதை வாசகர் சிந்திக்க வேண்டும்.

கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், செவி வழியாகப் பெறும் செல்வத்தைச் செல்வங்களுள் முதலாவதாக வைத்தார். அவர் கருதியது கற்றோர் சொற்கேட்டுப் பெறும் அறிவை. செவிக்காகச் செலவிடும் செல்வத்தை அதனோடு மாறாடிக் கொள்வோர் இன்று பலர். ஒருநாள் மாலை நானும் அவ்வாறு மாறாடினேன். பாட்டைக் கேட்கும்போதும், நூலை மதிக்கும்போதும், வகுப்பிலே புதிதாய் வந்து நிற்கும் பிள்ளையை எடைபோடும்போதும், பெயரட்டையை ஒருமுறை மறைத்துப் பார்க்கப் பழகுவோமாக.